அப்பா மோட்டாரின் டிஸ்க்: எங்க கோயில் வாசலில் நாங்க மாத்திக்கிட்ட ஒரு பழக்கம்



வழக்கமா இந்தப் பக்கத்தில் அன்னதான உபயம், பால்குடப் பதிவு, சிரமதானம் என்றுதான் எழுதுவோம். இன்றைக்கு மோட்டார் சைக்கிளின் பிரேக் டிஸ்க் பற்றி எழுதப் போறோம். கொஞ்சம் நீளமான பதிவு. பழைய மோட்டார் வச்சிருக்கவங்க கடைசி வரைக்கும் படிங்க. நீங்க ஓட்டாட்டியும், வீட்டில் பழைய மோட்டாரைக் கட்டிக்கிட்டு அழற தம்பியோ மாமாவோ இருந்தா அவங்களுக்கு அனுப்பி விடுங்க.

"கோயில் பக்கத்துல இது எதுக்கு?"ன்னு கேட்பீங்க. இது எங்க கோயில் வாசலில் ஆரம்பிச்ச விஷயம். அதில் எங்க தப்பும் இருக்கு. அதனால்தான்.

போன வருஷம் வாகன பூஜை அன்னைக்கு ஒரு தம்பி அவங்க அப்பாவோட மோட்டாரைக் கொண்டு வந்தார். 1980களில் வந்த டூ-ஸ்ட்ரோக் வண்டி. அந்த அப்பாவை எங்களில் பாதிப் பேருக்கு நல்லாத் தெரியும். தோட்டத்தில் இருந்த காலத்திலிருந்தே அந்த மோட்டாரில்தான் கோயிலுக்கு வருவார். திருவிழா நேரத்தில் பின்னாடி அரிசி மூட்டையைக் கட்டிக்கிட்டு வருவார். அந்த டூ-ஸ்ட்ரோக் சத்தம் கேட்டாலே மடப்பள்ளியில் அடுப்பு பத்த வைப்பாங்க. அவர் தவறி இப்போ மூணு வருஷம் ஆகுது. தம்பி அந்த வண்டியைப் பல மாசம் உட்கார்ந்து பழையபடி ஆக்கியிருந்தார். டேங்குக்குப் பெயிண்ட், குரோம் பாலிஷ், புது பிஸ்டன், புது செயின். பார்த்ததும் எங்களில் சில பேருக்குக் கண் கலங்கிடுச்சு.

முன் சக்கரத்து டிஸ்க் மட்டும் பழசு. பளபளன்னு துடைச்சிருந்தார், ஆனா கிராமபோன் தட்டு மாதிரி வரி வரியா இருந்தது. விரல் வச்சுப் பார்த்தா வெளி விளிம்பில் வயல் வரப்பு மாதிரி ஒரு மேடு தட்டுப்பட்டது. எங்களில் ஒருத்தர் மெக்கானிக்கா வேலை பார்த்தவர். அவர், "தம்பி, டிஸ்க் தேஞ்சிருக்கு போல"ன்னு மெதுவா சொன்னார். தம்பி, "அண்ணே, அது அப்பா ஓட்டின ஒரிஜினல். எல்லாத்தையும் மாத்திட்டேன், அதை மட்டும் மாத்த மனசு வரல"ன்னு சொன்னார்.

அதுக்கு மேல நாங்க யாரும் பேசல. எப்படிப் பேசறது? டேங்குக்கும் ஹெட்லைட்டுக்கும் சந்தனம் குங்குமம் வச்சோம். எங்களில் இன்னொருத்தர் குனிஞ்சு அந்த டிஸ்க்கிலும் மூணு விரலால் சந்தனத்தை இழுத்து நடுவில் குங்குமம் வச்சார். எலுமிச்சம்பழத்தை நசுக்கிக்கிட்டு வண்டி கிளம்பிச்சு. "சாமி பாத்துக்குவார், போய்ட்டு வா தம்பி"ன்னு அனுப்பி வச்சோம்.

மூணு மாசம் கழிச்சு அவர் கூட்டாளிகளோட கேமரன் மலைக்குப் போயிட்டு தாப்பா பக்கம் இறங்கியிருக்கார். அந்த ரோட்டைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தானா ராத்தாவிலிருந்து தாப்பா வரைக்கும் சுமார் 60 கிலோமீட்டர், வளைவுக்கு மேல் வளைவு. பாதி வழி இறங்கினப்போ முன் பிரேக் லீவர் ஸ்பாஞ்ச் மாதிரி ஆயிடுச்சாம். இன்னும் ரெண்டு வளைவு தாண்டினதும் லீவர் நேரா வந்து கைப்பிடியில் முட்டிடுச்சு. பின் பிரேக்கை மிதிச்சதில் வண்டி வழுக்கிக் கால்வாய்க்குள்ள போயிடுச்சு. தோள்பட்டை எலும்பு முறிஞ்சது. எதிரில் லோரி எதுவும் வரல. வந்திருந்தா இந்தப் பதிவை நாங்க வேற மாதிரி எழுதியிருப்போம்.

தம்பி ஆஸ்பத்திரியில் இருந்து வந்த பிறகு அந்த மெக்கானிக் அண்ணன் வீட்டு முன்வாசலில் வச்சு சக்கரத்தைக் கழட்டினோம். டிஸ்க்கின் உட்புறத்தில் குறைந்தபட்ச தடிமன் 3.5 மில்லின்னு அச்சிட்டிருந்தது. மைக்ரோமீட்டரில் அளந்தா மெல்லிசான இடத்தில் 2.9. பேட் தேஞ்சு ஒரு பக்கம் இரும்புத் தகடே வெளியே வந்திருந்தது. கேலிப்பர் பிஸ்டன் அளவுக்கு மேல வெளியே தள்ளி, சீல் ஓரமா கசிஞ்சிருந்தது. டப்பாவில் மிச்சமிருந்த பிரேக் ஆயில் கோப்பி ஓ நிறம்.

ஆக ஒண்ணு மட்டும் காரணம் இல்ல, எல்லாம் சேர்ந்து வந்தது. ஆனா அன்னைக்கு வாசலில் ஒரே ஒரு அளவு எடுத்திருந்தா எல்லாத்தையும் அங்கேயே பிடிச்சிருக்கலாம். அதை நாங்க செய்யல. அதுக்குப் பதிலா சந்தனம் வச்சோம்.

டிஸ்க் தேஞ்சா என்ன ஆகும்னு நிறையப் பேருக்குத் தெரியாது. பேட் தேஞ்சா மாத்தணும்னு தெரியும். டிஸ்க் இரும்பாச்சே, அது எங்க தேயப் போகுதுன்னு நினைப்பு. தேயும். ரொம்ப மெதுவா, வருஷக் கணக்கில், கண்ணுக்குத் தெரியாம தேயும். நம்ம நாட்டு மழையில் ரோட்டு மண்ணும் தண்ணியும் பேடுக்கு இடையில் போய் உப்புத்தாள் மாதிரி தேய்க்கும்.

டிரம் பிரேக் வச்ச வண்டியில் தேய்மானம் நமக்குத் தானாத் தெரிஞ்சிடும். லீவர் தூரம் அதிகமாகும், கேபிளை முறுக்குவோம், முறுக்க இடம் இல்லாம போனா ஷூ மாத்துவோம். டிஸ்க் பிரேக் அப்படிப் புகார் சொல்லாது. பேடும் டிஸ்க்கும் தேயத் தேய பிஸ்டன் தானா வெளியே வந்து இடைவெளியை நிரப்பிக்கும். கைக்கு லீவர் அன்னைக்கு மாதிரியே இருக்கும். மேலே டப்பாவில் ஆயில் அளவு மட்டும் கொஞ்சம் கொஞ்சமா இறங்கும். நம்ம ஆளுங்க என்ன செய்வாங்க? "ஆயில் கம்மியா இருக்கு"ன்னு ஊத்தி நிரப்பிடுவாங்க. அந்த வண்டி சொன்ன ஒரே ஒரு புகாரையும் வாயை அடைச்ச மாதிரி. இனிமேல் ஆயில் இறங்கினா ஊத்தறதுக்கு முன்னாடி பேடையும் டிஸ்க்கையும் பாருங்க. புது பேடு போட்டா ஆயில் தானா மேலே வரும். பழைய பேடோட ஊத்தி நிரப்பியிருந்தா, அப்போ வழிஞ்சு டேங்கு பெயிண்டைத் தின்னுடும், அதுவும் கவனம்.

குறைந்தபட்ச தடிமன்னு கம்பெனி ஏன் அச்சடிக்கிறாங்க? "அது அவங்க ஸ்பேர் விக்கிறதுக்கு"ன்னு மாமாக் கடையில் ஒரு அண்ணன் சத்தியம் பண்ணினார். அப்படி இல்ல. பிரேக் பிடிக்கும்போது வண்டியோட வேகம் முழுக்கச் சூடா மாறுது. அந்தச் சூட்டை முதலில் வாங்கிக்கிறது டிஸ்க்தான். இரும்பு குறைஞ்சா அதே சூட்டுக்கு டிஸ்க் இன்னும் அதிகமாக் கொதிக்கும். அந்தக் கொதிப்பு பேடு வழியா, பிஸ்டன் வழியா ஆயிலுக்குப் போகும். இது முதல் விஷயம். ரெண்டாவது, மெல்லிசான டிஸ்க் வளையும், துளை போட்ட டிஸ்க்கில் துளையைச் சுத்தி வெடிப்பு விடும். மூணாவதுதான் தம்பிக்கு நடந்தது: டிஸ்க்கும் மெல்லிசு, பேடும் மெல்லிசுன்னா, பிஸ்டன் தான் போகக் கூடாத தூரம் வரைக்கும் வெளியே வந்துடும். சீலைத் தாண்டினா ஆயில் போச்சு. ஆயில் போனா லீவர் வெறும் அலங்காரம்.

டூ-ஸ்ட்ரோக் வண்டிக்கு இதில் கூடுதல் ஆபத்து இருக்கு. ஃபோர்-ஸ்ட்ரோக் வண்டியில் கியரைக் குறைச்சா இஞ்சினே வண்டியைப் பிடிச்சு இழுக்கும். டூ-ஸ்ட்ரோக்கில் அந்தப் பிடி ரொம்பக் கம்மி. மலை இறங்கும்போது எல்லா வேலையும் பிரேக்குக்குத்தான். இன்னைக்கும் நம்ம பையன்கள் ஆர்எக்ஸ்ஸெட் மேல வச்சிருக்க பாசம் ஊருக்கே தெரியும். பாசம் இருக்கட்டும், முன் டிஸ்க்கை ஒரு தடவை அளந்து பார்த்தவங்க எத்தனை பேர்? எங்க கோயில் பார்க்கிங்கில் கேட்டுப் பார்த்தோம். ஒருத்தர் கூடக் கை தூக்கல. நாங்களும் தூக்கல.

சரி, எப்படி அளக்கறது?

முதலில் சக்கரத்தைக் கழட்ட வேண்டிய அவசியம் இல்ல. டிஸ்க்கில் உட்பக்கமா, போல்ட் இருக்க இடத்துக்குப் பக்கத்தில் ஓர் எண் அச்சிட்டிருக்கும். துருவும் அழுக்கும் மூடியிருந்தா துடைச்சுப் பாருங்க. இல்லாட்டி அந்த வண்டியோட சர்வீஸ் கையேட்டில் இருக்கும். பக்கத்து வண்டி எண்ணைப் பார்த்து நம்ம வண்டிக்கு வச்சுக்கக் கூடாது. ஒரே கம்பெனியிலேயே மாடலுக்கு மாடல் வேறுபடும். உதாரணத்துக்குச் சின்ன வண்டிகளில் புதுசில் 4 மில்லி இருக்க டிஸ்க்குக்கு 3.5 கடைசி எல்லைன்னு இருக்கும். வெறும் அரை மில்லிதான் நமக்குக் கொடுத்திருக்க கணக்கு. நாலு கட்டை விரல் நகத்தை அடுக்கி வச்ச மாதிரி இருந்தாலும் "இன்னும் தடிப்பா இருக்கே"ன்னு கண்ணு சொல்லும். கண்ணை நம்பாதீங்க.

மைக்ரோமீட்டர் இருந்தா நல்லது. பேடு உரசுற பாதையில், சுத்தி ஆறு எட்டு இடத்தில் அளந்து, இருக்கறதிலேயே குறைஞ்ச எண்ணை எடுத்துக்கணும். சராசரி போடக் கூடாது. வெர்னியர்தான் இருக்குன்னா ஒரு சிக்கல். அதோட தட்டையான தாடை வெளி விளிம்பு வரப்பில் உட்கார்ந்துக்கும். அந்த வரப்பில் பேடு படவே இல்ல, அது புது டிஸ்க் தடிமன். 3.9ன்னு காட்டும், நாம சந்தோஷமா வீட்டுக்குப் போயிடுவோம். உள்ள 2.9 இருக்கும்.

இதுக்கு எங்க மெக்கானிக் அண்ணன் சொன்ன வழி: ரெண்டு பத்து சென் காசு. ரெண்டையும் ஒண்ணா சேர்த்து வெர்னியரில் அளந்து எழுதி வச்சுக்கோங்க. அப்புறம் டிஸ்க்குக்கு இந்தப் பக்கம் ஒண்ணு, அந்தப் பக்கம் ஒண்ணு, வரப்பில் படாம பேடு பாதைக்குள்ள வச்சு, மூணையும் சேர்த்து அளங்க. காசோட அளவைக் கழிச்சா மிச்சம் டிஸ்க். இருபது சென் செலவு, அதுவும் திரும்பப் பாக்கெட்டுக்கு வந்துடும்.

லீவரில் துடிப்பு இருக்குன்னு சில பேர் சொல்வீங்க, பிரேக் பிடிச்சா டுக்கு டுக்குன்னு தள்ளும். உடனே "டிஸ்க் வளைஞ்சு போச்சு"ன்னு முடிவு பண்ணாதீங்க. பல நேரம் அது வளைவு இல்ல. சுத்தி ஒரே சீரா தேயாம, ஒரு பக்கம் தடிப்பு, ஒரு பக்கம் மெல்லிசு. பல வருஷம் ஓட்டாம நிறுத்தி வச்ச வண்டியில் பேடு ஒட்டியிருந்த இடத்தில் துரு பிடிச்சு அப்படி ஆகும். பழைய வண்டியைத் தாத்தா வீட்டுக் கொட்டகையிலிருந்து எடுக்கறவங்க இதைக் கட்டாயம் பார்க்கணும். நிஜமாவே ஆட்டம் இருக்கான்னு பார்க்க, ஒரு கம்பியை ஃபோர்க்கில் கட்டி அதன் நுனி டிஸ்க்கைத் தொட்டும் தொடாம இருக்கற மாதிரி வளைச்சு, சக்கரத்தைச் சுத்தி விடுங்க. சரியான எண் வேணும்னா டயல் கேஜ் வேணும். பல ஹோண்டா கையேடுகளில் 0.3 மில்லி வரைக்கும் அனுமதி. சில வண்டிகளில் அதை விடக் குறைவு. ஆட்டம் காட்டினாலும் முதலில் வீல் பேரிங் லூஸா இருக்கான்னு பாருங்க, டிஸ்க் உட்கார்ற இடத்தில் துருவோ பெயிண்டோ சிக்கியிருக்கான்னு பாருங்க. புதுசா பெயிண்ட் அடிச்ச ஹப்பில் பெயிண்ட் கட்டியா நின்னு டிஸ்க்கைக் கோணலாக்கினதை நாங்களே பார்த்திருக்கோம்.

இப்போ சண்டைக்கு வர்றோம். இந்த விஷயத்தை எங்க வாட்சாப் குழுவில் போட்டதும் ரெண்டு கட்சி ஆயிடுச்சு.

ஒரு கட்சி சொல்றது: பழைய வண்டின்னா ஒரிஜினல் சாமான் இருக்கணும். டிஸ்க்கில் வரி விழுந்தா லேத்துக் கடையில் கொடுத்து இழைச்சுக்கலாம், புதுசு மாதிரி வரும். காப்பி டிஸ்க் வாங்கிப் போட்டா வண்டியோட மதிப்பே போச்சு.

இழைக்கறது தப்பில்லைன்னு நாங்களும் ஒத்துக்கறோம். ஆனா கணக்கைப் போட்டுட்டு இழைக்கணும். டிஸ்க் 3.8 இருக்கு, எல்லை 3.5. ரெண்டு பக்கமும் வரி 0.1 ஆழம். இழைச்சா 3.6 வரும். மிச்சம் 0.1 மில்லி. அதுக்காகக் கடைக்குக் கூலி கொடுத்து, பேடையும் புதுசா போட்டு, எவ்வளவு நாள் ஓட்டுவீங்க? வார இறுதியில் மட்டும் கோயிலுக்கும் மாமாக் கடைக்கும் எடுக்கற வண்டின்னா சரி, சில வருஷம் வரும். தினமும் வேலைக்கு ஓட்டறவருக்கு அது வீண் செலவு. டிஸ்க் 3.5க்கே வந்தாச்சுன்னா இழைக்கற பேச்சே கிடையாது. "நான் ரொம்ப மெல்லிசா தட்டித் தர்றேன் பாஸ்"ன்னு கடைக்காரர் சொன்னாலும் கிடையாது. வெல்டிங் வச்சு ஏத்தித் தர்றேன்னு சொன்னா வண்டியைத் திருப்பிக்கிட்டு வந்துடுங்க.

இழைக்கறதா இருந்தா லேத்தை விட சர்ஃபேஸ் கிரைண்டிங் நல்லது. மெல்லிசு டிஸ்க்கை லேத்தில் பிடிச்சா அதிரும், துளை இருந்தா கத்தி தட்டித் தட்டிப் போகும், அலை அலையா வந்துடும். ரெண்டு பக்கமும் சமமா எடுக்கச் சொல்லுங்க. இழைச்ச பிறகு கடையிலேயே நின்னு அளந்து பார்த்துட்டுக் காசைக் கொடுங்க. கூச்சப்படாதீங்க.

லேசான வரிக்கெல்லாம் இழைக்கணும்னு இல்ல, அதையும் சொல்லிடறோம். நகத்தை வச்சு இழுத்தா நகம் போய் மாட்டாத அளவு வரி எல்லா டிஸ்க்கிலும் இருக்கும். தடிமன் சரியா இருந்தா அப்படியே ஓட்டலாம். அதே மாதிரி மழைக்கு அடுத்த நாள் காலையில் வார்ப்பிரும்பு டிஸ்க் செம்பட்டையா இருந்தா பதறாதீங்க. ரெண்டு தடவை பிரேக் பிடிச்சா போயிடும்.

ஒரிஜினல் விஷயத்துக்கு வருவோம். ஒரிஜினல்னு சொல்றவங்களுக்கு ஒரு கேள்வி: பழைய காலத்து டிஸ்க் எல்லாமே நல்ல டிஸ்க்குன்னு யார் சொன்னது? 1969இல் ஹோண்டா சிபி750 வந்தப்போ, முன் சக்கரத்தில் ஹைட்ராலிக் டிஸ்க்கோட பெரிய அளவில் தயாரான முதல் பெரிய வண்டி அதுதான். அதுக்கப்புறம் ஜப்பான் வண்டிகளில் துரு பிடிக்காத ஸ்டெயின்லெஸ் டிஸ்க் பரவிச்சு. பார்க்க அழகு. ஆனா அந்தக் கால பேடோட சேர்ந்து மழையில் பிடிக்கறதுக்கு ஒரு கணம் யோசிக்கும். 1970களில் அதைப் பற்றி ஊரெல்லாம் புலம்பல். டிரையம்ப் வார்ப்பிரும்பு டிஸ்க்குக்கு மேல குரோம் பூசி விட்டாங்க, அதுவும் மழையில் அதே கதை. அதை வச்சிருந்தவங்களே அப்புறம் குரோமை இழைச்சு எடுத்துட்டு ஓட்டினாங்க. ஒரிஜினலுக்கு மரியாதை உண்டு, ஆனா அதை உருவாக்கினவங்களே அடுத்தடுத்து மாத்திக்கிட்டுத்தான் வந்திருக்காங்க.

இன்னொரு கட்சி, முக்கியமா இளைஞர்கள், "பேசாம புதுசு மாத்திடுங்க, எதுக்கு இவ்வளவு பேச்சு"ன்னு சொன்னாங்க. நாங்க இந்தப் பக்கம்தான் சாயறோம், ஆனா அவங்களும் ஒண்ணை விட்டுடறாங்க. கடையில் கிடைக்கிற எல்லா டிஸ்க்கும் நம்ம வண்டிக்கு உட்காராது. போல்ட் துளை சரியா இருக்கும், ஆனா உள்வாங்கல் ரெண்டு மில்லி தள்ளி இருந்தா கேலிப்பர் ஒரு பக்கமா உரசும். பழைய இரும்புக் கடையில் ஹாஃப் கட் வண்டியிலிருந்து கழட்டினது கிடைச்சா, காசு கொடுக்கறதுக்கு முன்னாடி அங்கேயே அளங்க. நம்ம டிஸ்க்கை விட மோசமா தேஞ்சதை "ஒரிஜினல் பாஸ், அரிது"ன்னு நம்ம டிஸ்க்கை விட ரெண்டு மடங்கு விலைக்கு விக்கறாங்க. புது பேடு வாங்கும்போது சிண்டர்டு பேடு நல்லா பிடிக்கும்னு ஆசைப்பட வேண்டாம். பழைய வார்ப்பிரும்பு டிஸ்க்கை அது வேகமாத் தின்னும். அந்த வண்டிக்கு ஆர்கானிக் பேடு போதும்.

புது டிஸ்க் போட்டதும் மேலே பூசியிருக்கற துருக்காப்பு எண்ணெயை பிரேக் கிளீனர் போட்டு நல்லாத் துடைக்கணும். பழைய வரி விழுந்த பேடோட புது டிஸ்க்கை ஓட்டக் கூடாது. போல்ட்டைக் குறுக்குக் குறுக்கா, கையேட்டில் சொன்ன அழுத்தத்துக்கு முறுக்கணும். முதல் 200, 300 கிலோமீட்டர் மெதுவா பிடிச்சுப் பழக்கணும். போட்ட அன்னைக்கே கெந்திங் ஏறி இறங்கறது வேண்டாம்.

பிரேக் ஆயில் பற்றி ஒரு வார்த்தை. ஆயில்னு பேர்தான், அது காத்தில் இருக்கற ஈரத்தைக் குடிக்கிற திரவம். நம்ம ஊர் ஈரப்பதத்துக்குச் சொல்லவே வேண்டாம். டாட் 4 புதுசில் குறைந்தது 230 டிகிரி வரைக்கும் கொதிக்காது. ஈரம் ஏறினதுக்கான தரம் 155 டிகிரி. மெல்லிசு டிஸ்க், நீள இறக்கம், பழைய ஆயில் மூணும் சேர்ந்தா அந்த 155 ஒண்ணும் பெரிய எண் இல்ல. கொதிச்சா உள்ள குமிழ் வரும், குமிழ் வந்தா லீவர் ஸ்பாஞ்சு. தம்பி முதலில் உணர்ந்தது அதுதான்னு எங்க அண்ணன் சொல்றார். ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை மாத்துங்க. டாட் 5ன்னு சிலிகான் திரவம் ஒண்ணு விக்குது, எண் பெருசா இருக்கேன்னு அதை வாங்கி இதில் கலந்துடாதீங்க.

இப்போ எங்க விஷயம்.

சந்தனம் குழைச்சது, குங்குமம், சில சமயம் விளக்கெண்ணெய் பட்ட விரல். இதை டிஸ்க்கில் தடவினா பேடு அதை உறிஞ்சிக்கும். சந்தனம் காய்ஞ்சு உதிர்ந்துடும், எண்ணெய் உதிராது. பேடு ஒரு தடவை எண்ணெய் குடிச்சா அதைச் சுத்தம் பண்ண முடியாது, மாத்தத்தான் வேணும். இதைத் தெரிஞ்சவங்க எங்க குழுவிலேயே இருந்தாங்க. ஆனா பூஜை நேரத்தில் சொல்ல வாய் வரல. அபசகுனமா பேசறான்னு நினைப்பாங்களோன்னு ஒரு தயக்கம்.

அதனால நேரா குருக்களிடமே போய்க் கேட்டோம், டிஸ்க்கில் வைக்காட்டி பூஜை குறைஞ்சிடுமான்னு. அவர் சிரிச்சுட்டு, "வண்டிக்கு நெத்தி ஹெட்லைட் பக்கம்தானே, அங்க வைங்கோ. காலுக்கு எதுக்குப் பொட்டு"ன்னு முடிச்சுட்டார். நாங்க ஒரு வாரமா மண்டையைப் போட்டு உடைச்ச விஷயம்.

இந்த வருஷத்திலிருந்து எங்க கோயிலில் வாகன பூஜைக்கு வர்ற மோட்டாருக்கு ஹெட்லைட், டேங்கு, மட்கார்டில் மட்டும்தான் சந்தனம் குங்குமம். டிஸ்க், பேடு, டயரில் உரசுற இடத்தில் கிடையாது. மாலையை ஹேண்டிலில் போட்டுப் படம் எடுத்த பிறகு, ஓட்டறதுக்கு முன்னாடி கழட்டிடுவோம். அது முன் சக்கரத்தில் சுத்தினா டிஸ்க் வரைக்கும் கூடப் போக வேண்டாம். சில பெரியவங்களுக்கு இது பிடிக்கல. "எத்தனை வருஷமா வைக்கிறோம், இப்ப என்ன புதுசா"ன்னு கேட்டாங்க. அவங்களுக்கு நாங்க அந்தத் தம்பியைக் காட்டினோம். கை இன்னும் முழுசா மேலே தூக்க வரல.

மலேசியாவில் சாலையில் உயிர் விடறவங்களில் பாதிக்கும் மேல மோட்டாரில் போறவங்க. அதில் எத்தனை பேர் பிரேக்கால போனாங்கன்னு நாங்க சொல்ல வரல. பெரும்பாலும் வேகம், லோரி, மழை, தூக்கம்னு ஆயிரம் காரணம் இருக்கும். ஆனா நம்ம கையில் இருக்கற ஒண்ணை நாம பார்க்காம விடறது நியாயமில்ல. திருவிழா நேரத்தில் எங்க தொண்டர்களில் பாதிப் பேர் மோட்டாரில்தான் ராத்திரி ரெண்டு மணிக்கு வீடு திரும்பறாங்க. பின்னாடி அம்மாவோ தங்கச்சியோ உட்கார்ந்திருப்பாங்க.

தம்பி இப்போ வேற டிஸ்க் போட்டுட்டார். நூறு வெள்ளிக்குள்ள முடிஞ்சது. கேலிப்பர் சீல், பேடு, ஆயில் எல்லாம் புதுசு. போடறதுக்கு முந்தின நாள் ராத்திரி எங்களில் ஒருத்தருக்கு போன் பண்ணி ரொம்ப நேரம் பேசினார், அப்பாவைப் பத்தித்தான், டிஸ்க்கைப் பத்தி இல்ல. பழைய டிஸ்க்கைக் கழுவித் துடைச்சு வீட்டு வரவேற்பறையில் அப்பா படத்துக்குக் கீழே மாட்டியிருக்கார். அதுக்கு அவங்க அம்மா வெள்ளிக்கிழமை தோறும் சந்தனம் வைக்கறாங்களாம். அங்க தாராளமா வைக்கலாம்.

வர்ற ஞாயிற்றுக்கிழமை காலை பூஜை முடிஞ்சு, அன்னதானத்துக்கு முன்னாடி, பார்க்கிங்கில் மெக்கானிக் அண்ணன் மைக்ரோமீட்டரோட இருப்பார். கூட அந்தத் தம்பியும் இருப்பார். காசு எதுவும் வேண்டாம். அளந்து, உங்க வண்டியோட எல்லை எவ்வளவு, இப்போ எவ்வளவு இருக்குன்னு ஒரு துண்டுச் சீட்டில் எழுதித் தருவோம். அவ்வளவுதான், மாத்தறதும் மாத்தாததும் உங்க முடிவு, எந்தக் கடைக்கும் நாங்க ஆள் பிடிக்கல. டிஸ்க் சூடா இருந்தா தொட முடியாது, அதனால வந்ததும் வண்டியை நிழலில் நிறுத்திட்டு முதலில் சாமி கும்பிட்டு வாங்க. டிரம் பிரேக் வச்சிருக்கவங்களும் வரலாம், ஷூ தேய்மானக் குறி பார்த்துச் சொல்வோம். சொந்த மைக்ரோமீட்டர் வச்சிருக்கவங்க யாராச்சும் இருந்தா கமெண்ட்டில் சொல்லுங்க, ஒண்ணு போதாதுன்னு தோணுது.